1500 லீப் ஆண்டா? ஜாவாவில் செயற்கூறு எழுதுதல் பற்றி

ஓர் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா இல்லையா என்று சொல்லும் செயற்கூறு, ஜாவா கற்கத் தொடங்குவோர் எழுதிப் பார்க்கும் முதல் பயிற்சிகளுள் ஒன்று. ஆண்டு நான்கால் வகுபட வேண்டும், நூறால் வகுபடக் கூடாது, நூறால் வகுபட்டாலும் நானூறால் வகுபடுமானால் ஏற்றுக்கொள்ளலாம் என்ற விதியை நிபந்தனைகளாக எழுதிவிட்டால், 1900 லீப் ஆண்டு அல்ல, 2000 லீப் ஆண்டு, 2100 அல்ல என்ற விடைகள் சரியாக வந்துவிடும். பயிற்சியும் முடிந்ததாகக் கருதப்படும். ஆனால் 1500 என்ற எண்ணைக் கொடுத்துக் கேட்டால், ஜாவாவோடு சேர்ந்தே வரும் நூலகத்தில் இருவேறு விடைகள் கிடைக்கின்றன. 2014-இல் ஜாவா 8-உடன் வந்த ஜாவா.டைம் தொகுப்பிலுள்ள ‘இயர்’ என்ற கிளாஸ் ‘இல்லை’ என்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, ஜாவா 1.1 பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்ட ‘கிரிகோரியன்காலெண்டர்’ என்ற கிளாஸ் ‘ஆம்’ என்கிறது. இரண்டில் எதுவும் பிழையன்று. ஒரே கேள்விக்கு இரண்டு சரியான விடைகள் எப்படி இருக்க முடியும் என்று யோசிக்கத் தொடங்கும் மாணவர், செயற்கூறு என்பதன் உட்பொருளுக்கு மிக அருகில் வந்துவிடுகிறார்.

செயற்கூறு என்பது பெயர் சூட்டப்பட்ட கட்டளைத் தொகுதி. நிரலின் வேறோர் இடத்திலிருந்து அதை அழைக்கலாம். அழைக்கும்போது சில மதிப்புகளைக் கொடுக்கலாம். அது தன் வேலையை முடித்து, பெரும்பாலும் ஒரு விடையோடு, அழைத்த இடத்துக்கே திரும்பும். இந்தத் திரும்புதல் இன்று இயல்பானதாகத் தோன்றினாலும், ஒரு காலத்தில் அது கண்டுபிடிக்க வேண்டியிருந்த ஒன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவாகி 1949 மே மாதத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினியில், ஒரு கட்டளைத் தொகுதிக்குள் தாவிச் செல்ல வழி இருந்ததே தவிர, எங்கிருந்து வந்தோம் என்பதை நினைவில் வைத்துத் திரும்புவதற்குத் தனிக் கட்டளை எதுவும் இல்லை. அப்போது ஆய்வு மாணவராக இருந்த டேவிட் வீலர் அதற்கு ஒரு வழி கண்டார். தாவுவதற்கு முன் முதன்மை நிரல் தன் இருப்பிடத்தைக் கணினியின் திரட்டியில் வைத்துவிடும்; அழைக்கப்பட்ட தொகுதி அதைக் கொண்டு, திரும்பிச் செல்வதற்கான கட்டளையைத் தானே கணக்கிட்டுத் தன் இறுதி வரியில் எழுதிக்கொள்ளும். இந்த உத்தி வீலர் தாவல் என்ற பெயரால் இன்றும் குறிக்கப்படுகிறது. துளையிட்ட காகித நாடாக்களில் இத்தகைய தொகுதிகள் ஒரு நூலகமாகவே சேர்த்து வைக்கப்பட்டன; வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் 1951-இல் வெளியிட்ட நிரலாக்க நூல் அந்த நூலகத்தை மையமாகக் கொண்டே எழுதப்பட்டது.

வீலர் 1952-இல் வாசித்த ஒரு சிறு கட்டுரையில், இன்றைய மாணவருக்கும் ஆசிரியருக்கும் உடனடியாகப் பயன்படும் ஒரு கருத்து உண்டு. இத்தகைய தொகுதியை எழுதிச் சோதித்து முடித்த பிறகும் வேலை முடிவதில்லை. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறியாத ஒருவரும் எளிதில் பயன்படுத்தும்படி அதற்கு ஒரு விளக்கம் எழுதுவது எஞ்சியிருக்கிறது, எல்லாவற்றிலும் கடினமான பகுதி அதுவாகவே இருக்கலாம் என்று அவர் சொல்கிறார். செயற்கூறு எழுதுவதன் சிரமம் உள்ளே இருப்பதைவிட வாசலிலேயே அதிகம் என்ற இந்த உணர்வு, நிரலாக்கத் துறை பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அறிமுகப் பாடங்கள் இன்னும் உள்ளிருந்தே தொடங்குகின்றன: அடைப்புக்குறி எங்கே, அரைப்புள்ளி எங்கே, எந்தச் சொல் முதலில், எந்தச் சொல் பிறகு. மாணவர் எழுதக் கற்றுக்கொள்கிறார். எதை எழுதுகிறோம் என்பது அவருக்கு நெடுநாள் புலப்படாமலே இருக்கிறது.

ஜாவாவில் இந்த நிலைக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் முன்னின்று உருவாக்கி 1995-இல் வெளியான இம்மொழியில், செயற்கூறு தனித்து நிற்க முடியாது. அது ஏதேனும் ஒரு கிளாஸின் உறுப்பாகவே இருக்க வேண்டும், அப்படி இருப்பதால் மெத்தட் என்று பெயர் பெறும். மாணவர் எழுதும் முதல் நிரலிலேயே மெயின் என்னும் மெத்தட் இருக்கிறது. பப்ளிக், ஸ்டாட்டிக், வாய்ட், மெயின், ஸ்ட்ரிங் அணி என்று வரிசையாக நிற்கும் சொற்களில் ஒன்றின் பொருளும் அவருக்கு அந்த நாளில் விளங்குவதற்கில்லை. ‘இப்போதைக்கு அப்படியே எழுதுங்கள், பிறகு புரியும்’ என்றுதான் எல்லா ஆசிரியர்களும் சொல்லியாக வேண்டியிருந்தது. செயற்கூற்றின் தலைப்பு வரி படித்துப் பொருள் கொள்ள வேண்டிய ஒன்றன்று, மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்று என்ற பழக்கம் முதல் நாளிலேயே படிந்துவிட்டது. 2025 செப்டம்பரில் வெளியான ஜாவா 25-இல் இந்தச் சடங்கு பெரும்பாலும் நீக்கப்பட்டு, கிளாஸ் அறிவிப்பும் பப்ளிக், ஸ்டாட்டிக் முதலிய சொற்களும் இன்றியே சிறு நிரல்களை எழுத முடிகிறது. முப்பது ஆண்டுகள் தாமதமாக வந்தாலும் இது வரவேற்கத்தக்க மாற்றம்.

லீப் ஆண்டுச் செயற்கூற்றின் தலைப்பு வரியை எடுத்துக்கொண்டால், அதில் நான்கு செய்திகள் இருக்கின்றன. அது ஸ்டாட்டிக், அதாவது எந்தவொரு தனி ஆப்ஜெக்டையும் சார்ந்ததன்று. அது பூலியன் வகை விடையைத் தரும், அதாவது உண்மை அல்லது பொய் என்ற இரண்டில் ஒன்றை. அதன் பெயர் இன்னது. அது இன்ட் வகையைச் சேர்ந்த, அதாவது முழு எண்ணான, ஓர் ஆண்டை வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்ளும் இடத்துக்குச் சூட்டப்படும் பெயரை அளபுரு என்பர். அழைக்கும்போது அங்கு நிரப்பப்படும் மதிப்பு, எடுத்துக்காட்டாக 2024, ஆர்குமென்ட் எனப்படும். முன்னது எழுதும்போது உள்ளது, பின்னது அழைக்கும்போது வருவது; இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் மாணவர், அளபுருவின் பெயரும் வெளியிலுள்ள மாறியின் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைத்துத் தம்மையே வருத்திக்கொள்கிறார். பெயரைப் பொறுத்தவரை, ஜாவா தொடக்கம் முதலே யூனிகோட் எழுத்துகளை ஏற்பதால், செயற்கூற்றுக்கும் மாறிகளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம் என்பது பலர் அறியாத செய்தி. 2022-இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 இயல்பான குறியாக்கமாகிவிட்டதால், தமிழில் பெயரிட்ட நிரலை விண்டோஸ் கணினியிலும் தனி ஏற்பாடு எதுவுமின்றிக் கம்பைல் செய்ய முடிகிறது. கற்கும் பருவத்தில், தாம் எண்ணும் மொழியிலேயே செயற்கூற்றுக்குப் பெயர் வைப்பது, அது என்ன கேள்விக்கு விடை சொல்கிறது என்பதை மாணவர் தமக்குத் தாமே தெளிவுபடுத்திக்கொள்ள உதவும்.

ஏனெனில் செயற்கூற்றைக் கேள்வியாகப் பார்ப்பதே அதைப் புரிந்துகொள்ளும் நேர்வழி. தலைப்பு வரி கேள்வியைச் சொல்கிறது. உடற்பகுதி விடையைத் தேடுகிறது. ரிட்டர்ன் என்ற சொல் விடையைக் கேட்டவரிடம் ஒப்படைக்கிறது. இந்த ஒப்படைப்பில்தான் தொடக்க நிலை மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இடறுகிறார்கள். விடையைத் திருப்பித் தர வேண்டிய இடத்தில் அவர்கள் அதைத் திரையில் அச்சிட்டுவிடுகிறார்கள். செயற்கூற்றை வாய்ட் என்று, அதாவது எந்த விடையும் தராதது என்று அறிவித்து, உள்ளே ‘லீப் ஆண்டு’ என்றோ ‘லீப் ஆண்டு அல்ல’ என்றோ அச்சிடும் கட்டளையை எழுதிவிட்டு, நிரலை ஓட்டிப் பார்க்கிறார்கள். திரையில் சரியான சொற்கள் தெரிகின்றன. வேலை முடிந்துவிட்டதாகவே தோன்றுகிறது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதே இந்தத் தவறு இவ்வளவு பிடிவாதமாக நீடிப்பதற்குக் காரணம். ஆனால் நிரலுக்குக் கண் இல்லை. திரையில் தெரிந்ததை நிரலின் மற்றப் பகுதிகள் படிக்க முடியாது.

அடுத்த பயிற்சியில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது. ஒரு மாதத்தில் எத்தனை நாட்கள் என்று சொல்லும் செயற்கூறு ஒன்றை எழுத வேண்டுமென்றால், பிப்ரவரிக்கு 28 சொல்வதா 29 சொல்வதா என்பதற்கு லீப் ஆண்டுச் செயற்கூற்றின் விடை தேவைப்படுகிறது. அது பூலியன் மதிப்பைத் திருப்பித் தருவதாக இருந்தால், ஒரு நிபந்தனையின் நடுவில் அதன் பெயரை எழுதி ஆண்டைக் கொடுத்தால் போதும். அதன்மேல், ஒரு தேதி ஆண்டின் எத்தனையாவது நாள் என்று சொல்லும் மூன்றாவது செயற்கூறு எழலாம். அதன்மேல் இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட நாட்களைக் கணக்கிடும் நான்காவது. அச்சிடும் செயற்கூற்றின்மேல் எதையும் எழுப்ப முடியாது. மாதத்தின் நாட்களைக் கேட்டவருக்கு, கேட்காத ‘லீப் ஆண்டு’ என்ற வரியும் திரையில் வந்து விழும். மாணவர் வேறு வழியின்றி அதே நிபந்தனைகளை மறுபடியும் புதிய இடத்தில் எழுதுகிறார். செயற்கூறு எதற்காகத் தோன்றியதோ அந்தப் பயன் அங்கே முற்றிலும் இழக்கப்படுகிறது. அச்சிடுவது தவறான வேலை அன்று; அது ஒரு தனி வேலை, அதை மெயினிடமோ அதற்கென்றே எழுதிய வாய்ட் செயற்கூற்றிடமோ விட்டுவிட வேண்டும். கணக்கிடுவதும் காட்டுவதும் ஒரே செயற்கூற்றில் கலந்திருக்கும் நிரலைத் திருத்துவதும் சோதிப்பதும் எவ்வளவு கடினம் என்பதைப் பணியில் சேர்ந்த பின்னரே பலர் உணர்கிறார்கள். இதை முதல் மாதத்திலேயே உணர்த்த முடியும்.

இதே தவறின் மறுபக்கம், திருப்பித் தரப்பட்ட விடையை வாங்காமல் விடுவது. ஸ்ட்ரிங் வகை மதிப்பை, அதாவது எழுத்துத் தொடரை, பெரிய எழுத்துகளாக மாற்றும் ‘டுஅப்பர்கேஸ்’ மெத்தடைத் தனி வரியில் அழைத்துவிட்டு, மூலத் தொடர் மாறியிருக்கும் என்று எதிர்பார்க்கும் மாணவர் ஏமாற்றமடைகிறார். ஜாவாவில் ஒரு ஸ்ட்ரிங் உருவான பின் மாறாது. அந்த மெத்தட் புதிய தொடர் ஒன்றைத் தருகிறது, அதை ஒரு மாறியில் வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால் அது எவருக்கும் பயன்படாமல் போய்விடுகிறது. கம்பைலர் இதைக் குறையாகச் சொல்வதில்லை. விடை தருவதாக அறிவித்துவிட்டு ஏதேனும் ஒரு கிளைவழியில் விடை தராமல் முடியும் செயற்கூற்றைக் கம்பைலர் ஏற்க மறுத்துவிடும். ஆனால் தந்த விடையைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டவரை அது வற்புறுத்துவதில்லை.

கொடுக்கப்படும் மதிப்பு உள்ளே போனபின் என்ன ஆகிறது என்பது அடுத்த சிக்கல். ஜாவாவில் ஆர்குமென்ட் எப்போதும் நகலாகவே செல்கிறது. இதற்கு விதிவிலக்கே இல்லை. இரண்டு முழு எண்களை வாங்கி அவற்றை இடம் மாற்றும் செயற்கூறு ஒன்றை எழுதிப் பார்த்தால், உள்ளே இடம் மாறும், வெளியே எதுவும் மாறாது, ஏனெனில் மாறியவை நகல்களே. ஆனால் ஓர் அணியைக் கொடுத்து அதன் முதல் உறுப்பை மாற்றச் சொன்னால் வெளியிலுள்ள அணியும் மாறிவிடுகிறது. இதைக் கண்டதும் விதி பொய்த்துவிட்டதாக மாணவர் எண்ணுகிறார். விதி பொய்க்கவில்லை. அணியின் பெயரைத் தாங்கும் மாறியில் இருப்பது அணியன்று, அணி இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே. நகலாவது அந்த முகவரி. ஒரு வீட்டு முகவரியைத் துண்டுச் சீட்டில் படியெடுத்து வண்ணம் பூசுபவரிடம் கொடுத்தால், அவர் பூசும் வண்ணம் வீட்டில் நிலைக்கும், அவர் தம் சீட்டிலுள்ள முகவரியை அடித்து வேறொன்று எழுதிக்கொண்டால் கொடுத்தவரின் சீட்டில் ஒன்றும் மாறாது. ஆப்ஜெக்டுகள் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும். இதைப் புரிந்துகொண்டவர், ஒரு செயற்கூறு தன்னிடம் வந்த அணியை மாற்றிவிடுமா அல்லது தொடாமல் விடுமா என்பதை அதன் விளக்கத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் புரிந்துகொள்வார். தலைப்பு வரி அதைச் சொல்வதில்லை.

இப்போது 1500-க்குத் திரும்பலாம். ‘இயர்’ கிளாஸிலுள்ள செயற்கூறு ஸ்டாட்டிக் வகையினது. அதன் விடை, கொடுக்கப்பட்ட எண்ணை மட்டுமே சார்ந்தது. கிரிகோரியன் நாட்காட்டியின் விதியை, அது நடைமுறைக்கு வராத காலத்துக்கும் பின்னோக்கி நீட்டி, நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத 1500-ஐ அது தள்ளிவிடுகிறது. ‘கிரிகோரியன்காலெண்டர்’ அப்படியன்று. அதன் மெத்தடை அழைக்க வேண்டுமானால் முதலில் அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்க வேண்டும், அந்த ஆப்ஜெக்ட் தனக்குள் ஒரு தேதியைச் சுமந்திருக்கிறது: பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து புதியதற்கு மாறிய நாள். வேறொன்றும் சொல்லாவிட்டால் அது 1582 அக்டோபர் 15. அதற்கு முற்பட்ட 1500-க்கு, நான்கால் வகுபட்டாலே போதும் என்ற ஜூலியன் விதியை அது கையாள்கிறது. பிரிட்டனோ 1752-இல்தான் மாறியது. அந்த நாளை ஆப்ஜெக்டில் அமைத்துவிட்டு 1700-ஐப் பற்றிக் கேட்டால் ‘ஆம்’ என்றும், அமைக்காமல் கேட்டால் ‘இல்லை’ என்றும் விடை வரும். ஒரே மெத்தட், ஒரே ஆர்குமென்ட், இரண்டு விடைகள்.

ஸ்டாட்டிக் என்ற சொல்லின் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஸ்டாட்டிக் அல்லாத மெத்தடின் விடை, அடைப்புக்குறிக்குள் கொடுத்தவற்றை மட்டும் சார்ந்திராது; அது எந்த ஆப்ஜெக்டின் பெயரால் அழைக்கப்படுகிறதோ அதன் நிலையையும் சார்ந்திருக்கலாம். ஸ்டாட்டிக் மெத்தடுக்கு அத்தகைய ஆப்ஜெக்ட் இல்லை. ஆகவேதான், ஸ்டாட்டிக் ஆன மெயினிலிருந்து ஸ்டாட்டிக் அல்லாத மெத்தடை நேரடியாக அழைக்கும்போது கம்பைலர் மறுக்கிறது. எந்த ஆப்ஜெக்டைக் கேட்பது என்று சொல்லப்படாததே மறுப்பின் காரணம். பிழைச் செய்தியைக் கண்டு மிரண்டு, எல்லா மெத்தடுகளுக்கும் ஸ்டாட்டிக் என்று சேர்த்துவிடும் மாணவர் பிழையை நீக்குகிறார், கேள்வியைத் தவறவிடுகிறார்.

தலைப்பு வரி சொல்லாத இன்னொன்று, மதிப்புகளின் எல்லை. இன்ட் வகை தாங்கும் மிகப் பெரிய எண் 2147483647. ஓர் எண்ணின் தொடர்பெருக்கத்தை, அதாவது ஒன்று முதல் அந்த எண் வரையுள்ள எண்களின் பெருக்கற்பலனை, இன்ட் ஆகத் தரும் செயற்கூறு 12-க்கு 479001600 என்று சரியாகச் சொல்லும். 13-க்கு 6227020800 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 1932053504 என்று சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டு எண்களின் சராசரியைக் காண, கூட்டி இரண்டால் வகுக்கும் செயற்கூற்றுக்கு இருநூறு கோடியை இருமுறை கொடுத்தால், விடை மைனஸ் 147483648. இது பாடப்புத்தகத்துக்கு மட்டும் உரிய சிக்கலன்று. வரிசைப்படுத்திய அணியில் ஒன்றைத் தேட, ஒவ்வொரு முறையும் நடுவிலிருந்து பார்த்துப் பாதியை விலக்கிச் செல்லும் ‘பைனரிசெர்ச்’ என்ற செயற்கூறு ஜாவா நூலகத்தில் உண்டு. அதை எழுதிய ஜோஷுவா பிளாக் இத்துறையின் தேர்ந்த கைகளுள் ஒருவர். நடு இடத்தைக் காண அவரும் இரு எல்லைகளைக் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். ஏறத்தாழ நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்ட அணியில் அந்தக் கூட்டுத்தொகை எல்லை மீறி எதிர்மறையாகிவிடும் என்பது சுமார் ஒன்பது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. 2006-இல் அவரே அதை வெளிப்படையாக எழுதி, ஜான் பென்ட்லியின் புகழ்பெற்ற நூலில் சரியென்று நிறுவப்பட்டிருந்த வடிவத்திலும் அதே குறை இருந்ததைச் சுட்டினார். அந்தச் செயற்கூற்றை அழைத்த எண்ணற்ற நிரல்களில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஒரே ஒரு வரி திருத்தப்பட்டது, அவ்வளவே. வாசல் மாறாமல் உள்ளே திருத்த முடிவது செயற்கூறு தரும் பெரும் விடுதலை.

ஒரு செயற்கூறு தன்னையே அழைக்கலாம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வீலரின் முறையில் திரும்பும் இடம் தொகுதியின் இறுதி வரியிலேயே எழுதப்பட்டதால், அது திரும்புவதற்குள் மறுபடி அழைக்கப்பட்டால் முதல் முகவரி அழிந்துவிடும். ஜாவாவில் ஒவ்வோர் அழைப்புக்கும் ஸ்டாக் என்னும் அடுக்கில் தனி இடம் ஒதுக்கப்படுகிறது. அளபுருக்களும் உள்மாறிகளும் திரும்பும் இடமும் அதில் தங்கி, திரும்பியதும் நீங்கிவிடுகின்றன. உள்ளே பிறந்த மாறி, செயற்கூறு திரும்பியபின் இல்லாமல் போவதற்கும், நிற்காமல் தன்னையே அழைக்கும் செயற்கூறு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பிழையில் முடிவதற்கும் காரணம் ஒன்றே. பாடங்களில் தனித்தனி அத்தியாயங்களாக வரும் இவற்றை ஒரே இடத்தில் வைத்து விளக்கினால் மாணவரின் சுமை பெரிதும் குறையும்.

ஜாவா கற்பிக்கும் ஆசிரியர்களிடம் வைக்கத்தக்க வேண்டுகோள் இது: செயற்கூறு பற்றிய முதல் வாரப் பயிற்சிகளில், மெயினைத் தவிர வேறெங்கும் அச்சிடும் கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்துவிடுங்கள். உடற்பகுதியை எழுதும் முன், தலைப்பு வரியையும், அது எதை வாங்கி எதைத் தரும், எந்த எல்லைக்குள் தரும், வந்ததை மாற்றுமா என்ற விளக்கத்தையும் இரண்டு மூன்று தமிழ் வாக்கியங்களில் எழுதி வாங்குங்கள். அந்த வாக்கியங்களை மட்டும் வேறொரு மாணவரிடம் கொடுத்து, உள்ளே பார்க்காமல் அழைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அதற்கே ஒதுக்குங்கள்.